முலாம் பட்டறைக் கழிவுநீரும் கன உலோகமும்: சவ்வு வடிகட்டல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், ஓசூர், அம்பத்தூர் பக்கம் நிக்கல், குரோம், துத்தநாக முலாம் பூசும் பட்டறை வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள்தான் இதில் பெரும்பாலும் இருக்கின்றன. பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் கேட்டவை சில. நான் சவ்வு என்று எழுதுவதைப் பட்டறையில் மெம்பரேன் என்பார்கள். சவ்வைத் தாண்டி வரும் நல்ல தண்ணீர் பெர்மியேட். தாண்டாமல் உலோகத்தோடு ஒதுங்குவது ரிஜெக்ட். இந்த இரண்டு சொற்களையும் மாற்றாமல் விட்டிருக்கிறேன். தமிழில் எழுதிக் கொடுத்தால் பட்டறையில் ஒருவருக்கும் புரிவதில்லை.

கன உலோகத்தை மட்டும் ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்? சாக்கடைத் தண்ணீரைப் போல நுண்ணுயிரிகளிடம் விட்டால் ஆகாதா?

ஆகாது. சாக்கடையில் இருக்கும் அழுக்கு பெரும்பாலும் கரிமப் பொருள். நுண்ணுயிரி அதைத் தின்றுவிட்டுக் கரியமில வாயுவாக வெளியே விடும். நிக்கலையோ ஈயத்தையோ எந்த உயிரியாலும் சிதைக்க முடியாது, ஏனென்றால் அது தனிமம். இன்று தொட்டியில் 1 கிலோ நிக்கல் இருந்தால், என்ன செய்தாலும் நாளைக்கும் அந்த 1 கிலோ எங்கேயாவது இருக்கும்: தண்ணீரில், சேற்றில், மண்ணில், அல்லது மறுபடியும் முலாம் தொட்டியில். கீழே வரும் பதில்கள் எல்லாமே அந்த 1 கிலோ எங்கே போகிறது என்ற கணக்குதான்.

சவ்வு என்பது மிகப் பொடியான சல்லடைதானே?

பாதி சரி. நுண்வடிகட்டலும் அல்ட்ரா வடிகட்டலும் சல்லடைதான். நுண்வடிகட்டலின் துளை ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு முதல் சில மைக்ரான் வரை இருக்கும். அல்ட்ராவின் துளை அதைவிடப் பத்து மடங்கு, சில வகைகளில் நூறு மடங்கு சிறியது. தலைமுடியின் தடிமன் 70, 80 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு மனதில் பதியும்.

தண்ணீரில் கரைந்த நிக்கல் அயனியோ, தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டிருக்கும் நிலையிலும் ஒரு நானோமீட்டருக்கு (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாகத்தான் இருக்கும். மாவு சலிக்கும் சல்லடையில் உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பு தங்குமா? அல்ட்ரா சவ்வில் நிக்கல் தண்ணீரை விடுவதும் அப்படித்தான்.

அடுத்த படி நானோ வடிகட்டல். இங்கே துளை ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். அளவோடு மின்னேற்றமும் சேர்ந்து வேலை செய்கிறது. அதற்கும் அடுத்ததான எதிர்ச்சவ்வூடு பரவலில், அதாவது ஆர்.ஓ.வில், துளை என்று காட்ட எதுவுமே இல்லை. அடர்த்தியான மெல்லிய படலத்தில் தண்ணீர் கரைந்து ஊடுருவுகிறது, உப்பும் உலோகமும் பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன. அதைத் தள்ளத்தான் அழுத்தம் தேவைப்படுகிறது. அல்ட்ராவுக்கு ஓரிரு பார் போதும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). நானோவுக்கு 5 முதல் 20 பார் வரை, கடல்நீர் ஆர்.ஓ.வுக்கு 55 முதல் 70 பார் வரை வேண்டும். பட்டறைத் தண்ணீர் கடல் அளவுக்கு உப்பாக இராது. 10 முதல் 25 பாருக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

நடைமுறைக்கு உதவும் முதல் ஆர்.ஓ. சவ்வை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் செய்து காட்டியவர்கள் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்ற இருவர். பெயரைப் படித்ததும் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் நினைவுக்கு வருகிறவர்களுக்காக இந்த வரி. அவர்கள் செய்தது செல்லுலோஸ் அசிடேட் சவ்வு. இன்று நாம் வாங்குபவை பெரும்பாலும் 1970-களில் ஜான் கடோட் உருவாக்கிய பாலியமைடு மென்படலத்தின் வழிவந்தவை.

அப்படியானால் அல்ட்ரா வடிகட்டியை உலோகத்துக்குப் பயன்படுத்தவே முடியாதா? விலை குறைவாக இருக்கிறதே.

உலோகத்தை முதலில் பெரிதாக்கிவிட்டால் முடியும். எளிய வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: காஸ்டிக் (சோடா) அல்லது சுண்ணாம்பு போட்டு பி.எச். அளவை ஏற்றி உலோகத்தை ஹைட்ராக்சைடாகத் திரட்டுவது. திரண்ட பொடி படிவதற்குக் காத்திராமல் அல்ட்ராவிலோ நுண்வடிகட்டியிலோ விட்டால், படிவுத் தொட்டியைத் தாண்டி நழுவும் பொடித் துகளும் நின்றுவிடும். சிறு பட்டறைக்கு இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. படிவுத் தொட்டிக்கு இடம் வேண்டும், பொறுமையும் வேண்டும். பல பட்டறைகளில் இரண்டுமே இருப்பதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. எல்லா உலோகமும் ஒரே பி.எச். அளவில் திரளாது. மூவிணைதிற குரோமியம் (முலாம் தண்ணீரில் குரோமியம் காணப்படும் இரண்டு வடிவங்களில் ஒன்று; மற்றதான ஆறிணைதிறம் பற்றிக் கீழே வரும்) 8-ஐ ஒட்டி நன்றாகத் திரளும். அதற்கு மேல் மிகவும் ஏற்றினால் மறுபடி கரையத் தொடங்கும். துத்தநாகத்துக்கு 9 முதல் 9.5. நிக்கலுக்கு 10-ஐத் தாண்ட வேண்டும். மூன்றையும் ஒரே தொட்டியில் ஊற்றிவிட்டு 9-ல் நிறுத்தினால் குரோமியம் போயிருக்கும், நிக்கலில் ஒரு பங்கு கரைந்தபடியே மிஞ்சியிருக்கும்.

சோப்பு போன்ற பொருளையோ, பாலிஎத்திலீனிமைன் போன்ற நீண்ட சங்கிலிப் பலபடியையோ சேர்த்து, உலோக அயனியை அதில் ஒட்டவைத்து அல்ட்ராவில் பிடிக்கும் முறைகளும் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அருமையாக வேலை செய்யும். பட்டறையில் அந்தச் சோப்பையும் பலபடியையும் யார் திரும்பப் பிரித்தெடுப்பது என்ற கேள்வியில் நின்றுவிடும். மாணவர்கள் தாராளமாக எடுத்துச் செய்யலாம். பட்டறைக்காரருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

நானோவா, ஆர்.ஓ.வா?

தண்ணீரில் உலோகத்தோடு சேர்ந்து என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நானோ சவ்வின் மேற்பரப்பு, பி.எச். 5-க்கு மேல் பொதுவாக எதிர்மின்னேற்றம் கொண்டது. சல்பேட் போன்ற இரட்டை எதிர்மின் அயனியை அது பலமாகத் தள்ளும். தண்ணீரில் நேர்மின்னும் எதிர்மின்னும் சமமாக இருந்தே தீர வேண்டுமாதலால், சல்பேட்டைப் பிரிய முடியாமல் நிக்கலும் பின்தங்கிவிடும். அதே நிக்கல் குளோரைடாக இருந்தால் குளோரைடு எளிதில் நுழையும், கூடவே கொஞ்சம் நிக்கலையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே சல்பேட் மிகுந்த தண்ணீருக்கு நானோ சிக்கனமானது. குளோரைடு கலந்திருந்தாலோ, பெர்மியேட்டை மறுபடி கழுவுவதற்கே பயன்படுத்த வேண்டுமென்றாலோ ஆர்.ஓ. நல்லது.

குரோம் தண்ணீரை நேராக ஆர்.ஓ.வில் விடலாமா?

தயவுசெய்து வேண்டாம்.

குரோம் முலாம் தொட்டியிலிருந்து வருவது ஆறிணைதிற குரோமியம். நிறத்தைப் பார்த்தாலே தெரியும்: நீர்த்த நிலையில் எலுமிச்சை மஞ்சள், அடர்ந்த நிலையில் ஆரஞ்சு. இது வலிமையான ஆக்சிஜனேற்றி. பாலியமைடு படலம் குளோரினைக்கூடத் தாங்காது, குரோமிக் அமிலத்தை எங்கே தாங்கப்போகிறது? அதோடு, அமிலத் தண்ணீரில் குரோமேட் (ஆறிணைதிற குரோமியம் தண்ணீரில் இருக்கும் வடிவம்) ஒற்றை மின்னேற்றத்தோடு இருப்பதால் சவ்வைத் தாண்டுவதும் அதிகம். காரத் தண்ணீரில் அது இரட்டை மின்னேற்றத்துக்கு மாறும், சவ்வும் நன்றாகப் பிடிக்கும்.

பழைய முறையே இங்கே சரி. ஆசிட் விட்டு பி.எச். அளவை 2.5 அளவுக்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்க்க வேண்டும். வெள்ளை வாளியில் ஒரு லிட்டர் எடுத்துச் செய்து பாருங்கள். மஞ்சள் மெல்லக் கலங்கி, ஒரு கட்டத்தில் பழுப்பும் பச்சையுமாகத் தடுமாறி, பிறகு தெளிந்த நீலப்பச்சையாகிவிடும். அதுதான் மூவிணைதிற குரோமியம். மஞ்சளின் சாயல் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அதன் பிறகு காஸ்டிக் விட்டு 8-க்கு ஏற்றினால் சாம்பல் பச்சைக் கட்டிகள் திரளும். இந்த முதல் படியைத் தவறவிட்டுவிட்டுச் சுண்ணாம்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறிணைதிற குரோமியம் சுண்ணாம்புக்கு அசைந்து கொடுக்காது; கரைந்தபடியே வெளியே போகும்.

திரட்டி வடிகட்டிய பிறகு மிஞ்சும் உப்புத் தண்ணீரை ஆர்.ஓ.வில் விடலாம். ஆனால் மெட்டாபைசல்பைட் போட்டதில் சல்பேட் ஏறியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் பட்டறை சிறியது. எல்லாத் தண்ணீரும் ஒரே தொட்டிக்குத்தான் வருகிறது. அதைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சயனைடு துத்தநாக முலாம் இருக்கும் பட்டறையில் பிரிக்காமல் இருப்பது உயிரோடு விளையாடுவது. சயனைடுத் தண்ணீரும் ஆசிட் தண்ணீரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். தொட்டிக்குள் இறங்கியவர் ஏறி வர மாட்டார். இது முதல் காரணம். இது ஒன்றே போதும்.

இரண்டாவது காரணம் வேதியியல். சயனைடும் நிக்கலும் ஒரே தொட்டியில் சந்தித்தால் பிடிவாதமான கூட்டுப்பொருள் உண்டாகும். அதற்குள் இருக்கும் நிக்கல் காஸ்டிக்குக்குத் திரளாது, சயனைடு குளோரினுக்கு எளிதில் அழியாது. தனித்தனியாக வந்திருந்தால் இரண்டும் சுலபமான வேலை.

மூன்றாவது பணம். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் நல்ல விலை கொடுத்து ஆர்.ஓ. வாங்கினார்கள். ஒரே வாரத்தில் முன்வடிகட்டிக் கார்ட்ரிட்ஜ்கள் செங்கல் நிறமாகிவிட்டன. மாற்றினார்கள், அடுத்த வாரமும் அதே கதை. முதலாளி சவ்வு விற்றவரைத் திட்டினார், விற்றவர் தண்ணீரைத் திட்டினார். தரையில் ஓடிய குழாய்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போனபோது, இரும்புத் துரு எடுக்கும் ஆசிட் தொட்டியின் கழுவுநீர் நிக்கல் தொட்டியின் கழுவுநீரோடு ஒரே சேகரிப்புத் தொட்டியில் விழுவது தெரிந்தது. கரைந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகத் திரிந்து வடிகட்டியில் உட்கார்ந்திருக்கிறது. சில மீட்டர் பி.வி.சி. குழாய், ஓர் எல்போ, ஒரு தனித் தொட்டி, சிக்கல் தீர்ந்தது. கார்ட்ரிட்ஜ் வாங்கிய பணத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

குறைந்தது நான்காகப் பிரியுங்கள்: சயனைடு, குரோம், நிக்கல், மற்ற ஆசிட்-காரம். குழாய்க்கு நிறம் அடித்துவிடுங்கள். புதிதாக வேலைக்கு வரும் பையனுக்குப் பெயர்ப்பலகையைவிட நிறம் வேகமாகப் புரியும்.

நிக்கலைத் திரும்ப எடுத்தால் சவ்வு செலவு ஈடாகும் என்கிறார்களே, உண்மையா?

நிக்கலில் ஆகலாம். துத்தநாகத்தில் பெரும்பாலும் ஆகாது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

முலாம் தொட்டியில் லிட்டருக்கு 70 கிராம் நிக்கல் இருக்கிறது என்று கொள்வோம். பொருளைத் தூக்கும்போது அதில் ஒட்டிக்கொண்டு வெளியேறும் கரைசல் மணிக்கு 1 லிட்டர். அதாவது மணிக்கு 70 கிராம் நிக்கல், 8 மணி நேரத்தில் 560 கிராம், மாதம் 25 நாள் வேலையென்றால் 14 கிலோ. அன்றைய நிக்கல் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். சாக்கடைக்குப் போகும் பணம் அது. கூடவே அதைத் திரட்டக் காஸ்டிக், சேற்றைப் பிழிய ஃபில்டர் பிரஸ், அப்புறப்படுத்தக் கட்டணம் என்று மேலும் மேலும் செலவழிக்கிறீர்கள்.

ஆனால் சவ்வு வாங்குவதற்கு முன்னால், முலாம் பூசிய பொருளை அலச இரண்டாவது கழுவுதொட்டி வாங்குங்கள். ஒட்டிய கரைசலை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்க வைக்க, ஒரே தொட்டியில் மணிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். இரண்டு தொட்டி வைத்து, பொருள் ஒரு பக்கமும் தண்ணீர் எதிர்ப்பக்கமுமாகப் போனால் அதே சுத்தத்துக்கு ஏறத்தாழ 32 லிட்டர் போதும். மூன்று தொட்டியானால் 10 லிட்டர். இது மாயமில்லை, ஆயிரத்தின் வர்க்கமூலமும் கனமூலமும்தான். 1,000 லிட்டரில் பரவிக் கிடந்த 70 கிராம் நிக்கல் இப்போது 32 லிட்டரில் இருக்கும், லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல்.

நிக்கல் தொட்டி 55, 60 டிகிரி சூட்டில் ஓடுவதால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்தக் குறையை இந்தக் கழுவுநீரைக் கொண்டே நிரப்பலாம். ஆவியாவது போதாமல் கழுவுநீர் மிஞ்சினால், மிஞ்சியதைச் செறிவாக்கத்தான் ஆர்.ஓ. அப்போது வேண்டிய சவ்வும் சிறிதாகிவிடும். சில பட்டறைகளில் இரண்டாவது தொட்டி வைத்த பிறகு ஆர்.ஓ. பேச்சே எழவில்லை. சவ்வு விற்பவர் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

இதற்கும் முன்னால் ஒன்று, காசே ஆகாதது: ரேக்கை (பொருள்கள் தொங்கும் சட்டத்தை) தூக்கியதும் தொட்டிக்கு மேலேயே பத்து எண்ணும் வரை பிடித்திருக்கச் சொல்லுங்கள். சொட்டுவது எல்லாம் உங்கள் நிக்கல்.

ரிஜெக்டை அப்படியே முலாம் தொட்டியில் ஊற்றிவிடலாமா?

நிக்கல் கழுவுநீர் தனியாக வந்திருந்தால் ஊற்றலாம், இரண்டு எச்சரிக்கையோடு. முதலாவது போரிக் அமிலம். நிக்கல் தொட்டியில் பி.எச். நிலைக்க அது தேவை. ஆனால் அமிலத் தண்ணீரில் அது மின்னேற்றம் இல்லாத சிறு மூலக்கூறு, ஆர்.ஓ. சவ்வில் கணிசமாக நழுவிப் பெர்மியேட்டோடு போய்விடும். ஆகவே திரும்பி வரும் செறிவில் நிக்கல் இருக்கும், போரிக் குறைந்திருக்கும். சோதித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பளபளப்புக்குப் போடும் கரிமப் பொருள் சிதைந்து உண்டாகும் கழிவும் நிக்கலோடு சேர்ந்து திரும்பும். முன்பு அது சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்ததால் தெரியவில்லை. இப்போது தொட்டியிலேயே சேரும், முலாம் மங்கும். கரி வடிகட்டலைக் கொஞ்சம் அடிக்கடி செய்ய வேண்டிவரும்.

சவ்வு 98 சதவீதம் தடுக்கும் என்று விற்பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். போதுமா?

100 மில்லிகிராம் நிக்கல் உள்ள தண்ணீர் உள்ளே போனால் 2 மில்லிகிராம்தான் வெளியே வரும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அங்கேதான் ஏமாற்றம்.

உள்ளே போன தண்ணீரில் 80 சதவீதத்தைப் பெர்மியேட்டாக எடுக்கிறீர்கள் என்றால், மீதி 20 சதவீதத்தில் ஏறத்தாழ எல்லா நிக்கலும் இருக்கும். அதாவது சவ்வுக் குழலின் தொடக்கத்தில் 100, முடிவில் 500 மில்லிகிராமை நெருங்கும். சவ்வு பார்ப்பது இந்த ஏறிக்கொண்டே போகும் தண்ணீரை. சராசரி 200 வரும். அதில் 2 சதவீதம் கசிந்தால் பெர்மியேட்டில் 4 மில்லிகிராம். நிக்கலுக்கு நீர்நிலையில் விடுவதற்கான பொது வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம். எழுதிக் கொடுத்த 98 சதவீதமும் பொய்யில்லை. மாதிரி சோதனையில் தோற்றதும் பொய்யில்லை.

99 சதவீதம் தடுக்கும் சவ்வானால் அதே கணக்கில் 2 மில்லிகிராம் வரும், தேறிவிடலாம். இல்லையென்றால் மீட்பு விகிதத்தை, அதாவது பெர்மியேட்டாக எடுக்கும் பங்கை, குறைக்க வேண்டும். விற்பவரிடம் கேட்க வேண்டியது தடுப்பு சதவீதத்தை மட்டும் அல்ல. எந்த மீட்பு விகிதத்தில், என் தண்ணீரில், பெர்மியேட்டில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

வரம்புகள் என்னென்ன?

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-ன் பொதுத் தரத்தின்படி உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு, லிட்டருக்கு மில்லிகிராமில்: ஆறிணைதிற குரோமியம் 0.1, மொத்தக் குரோமியம் 2, நிக்கல் 3, செம்பு 3, துத்தநாகம் 5, ஈயம் 0.1, பாதரசம் 0.01. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்களுக்குத் தந்த இசைவாணையில் இதைவிடக் கடுமையாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும். முழுப் பூஜ்ய வெளியேற்றம் என்று எழுதியிருந்தால் இந்த எண்களுக்கே வேலையில்லை, ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது.

இவை குடிநீர்த் தரம் அல்ல. ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தில் நிக்கலுக்கு 0.02, குரோமியத்துக்கு 0.05, ஈயத்துக்கு 0.01. வரம்புக்குள் வெளியேறும் நிக்கல் தண்ணீரே குடிநீர் வரம்பைப் போல 150 மடங்கு இருக்கலாம்.

கடைசியில் ரிஜெக்ட் எங்கே போகும்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். சவ்வு எதையும் அழிக்கவில்லை. பெரிய தண்ணீரில் இருந்த உலோகத்தைச் சிறிய தண்ணீருக்கு நகர்த்தியது. அந்தச் சிறிய தண்ணீர் முன்பைவிட ஐந்து மடங்கு, பத்து மடங்கு வீரியமானது.

முலாம் தொட்டிக்குத் திரும்புமானால் அதைவிடச் சிறந்த முடிவு இல்லை. திரும்பாததைத் திரட்டிச் சேறாக்கலாம், அல்லது ஆவியாக்கி உப்பாக்கலாம். ஆவியாக்கலின் செலவைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீரை 15 பாரில் ஆர்.ஓ.வில் தள்ள, பம்பின் இழப்பெல்லாம் சேர்த்தாலும் சுமார் 1 யூனிட் மின்சாரம் போதும். அதே கன மீட்டரை ஒற்றைக் கலத்தில் கொதிக்க வைத்து ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். பல கட்ட ஆவியாக்கியில் ஒரு கலத்தின் ஆவி அடுத்த கலத்தைச் சூடாக்குவதால் இது பல மடங்கு குறையும், ஆனாலும் ஆர்.ஓ.வின் பக்கத்தில் வராது. ஆகவே ரிஜெக்டில் குறையும் ஒவ்வொரு லிட்டரும் லாபம்.

வரும் சேறும் உப்பும் அபாயக் கழிவு. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பட்டறையில் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிய சீட்டுடன் அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அப்படியோர் இடம் இருக்கிறது. ஆனால் மூலையில் மூட்டைகள் அடுக்கியிருக்கும் பட்டறைகளே அதிகம். மழைக்காலத்தில் சாக்கு நனைந்து பச்சைத் தண்ணீர் தரையில் ஓடும். அப்போது இத்தனை நாள் சவ்வை ஓட்டியதற்கு அர்த்தமே இல்லை.

ராணிப்பேட்டையில் இதன் பெரிய வடிவத்தைப் பார்க்கலாம். 1995-ல் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவுக் குன்று பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை மஞ்சளாக்கி வந்தது. அதே ஊரில் 2015 ஜனவரி 31 அன்று, தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். தண்ணீரிலிருந்து பிரித்து எடுத்துவிட்டோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த சேறு அது.

தோல் தொழிற்சாலைகளிலும் குரோமியத்துக்குத்தான் ஆர்.ஓ. வைத்திருக்கிறார்களா?

இல்லை, அங்கே ஆர்.ஓ.வின் முதல் வேலை உப்பு. பதனிடும் வரை தோல் கெடாமல் வைக்கப் போட்ட உப்பு பெரும்பாலும் தண்ணீரில் இறங்குகிறது. பாலாற்றுக் கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை நிலம் உவரானதற்கு அதுவே பெரிய காரணம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. அதுவும் இந்தப் பாலாற்றுத் தோல் கழிவு பற்றியதுதான்.

தோலில் குரோமியத்தைப் பிடிக்கும் வழி வேறு, சவ்வைவிட எளியது. தோல் உறிஞ்சியது போக மிஞ்சும் குரோம் கரைசலைத் தனியாக எடுத்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டு ஹைட்ராக்சைடாகப் படிய வைத்து, சல்பூரிக் அமிலத்தில் கரைத்து மறுபடி பதனிடவே பயன்படுத்துகிறார்கள். அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது. இங்கும் வெற்றியின் ரகசியம் தனியாக எடுப்பதுதான்.

சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

எது அடைத்தது என்று முதலில் பாருங்கள். பழைய எலிமெண்ட் (குழலுக்குள் இருக்கும் சவ்வுச் சுருள்) ஒன்றை அறுத்து விரித்துப் பார்ப்பது நல்ல பாடம். முதல் குழலின் முன்முனையில் செம்பழுப்புச் சேறு என்றால் இரும்பு. கடைசிக் குழலின் வால்பக்கம் நறநறவென்று வெள்ளைப் படிவம் என்றால் சுண்ணாம்புச் சல்பேட், அதாவது ஜிப்சம். சுண்ணாம்பு போட்டுத் திரட்டி, சல்பேட்டும் இருக்கும் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டால் வருவது இது. இதற்கு ஆசிட் கழுவல் பயன்படாது, ஜிப்சம் ஆசிட்டுக்குக் கரையாது. சுண்ணாம்புக்குப் பதில் காஸ்டிக்குக்கு மாறுங்கள். விலை கூடினாலும் சவ்வு பிழைக்கும், சேறும் குறையும். வழுவழுவென்று நாற்றத்தோடு இருந்தால் நுண்ணுயிரிப் படலம். காரக் கழுவல் வேண்டும். இரும்புக்கும் உலோக ஹைட்ராக்சைடுக்கும் சிட்ரிக் அமிலம்.

பெர்மியேட் ஓட்டம் தொடக்கத்தைவிட 10 சதவீதம் குறைந்ததும் கழுவிவிடுங்கள். பாதியாகும் வரை காத்திருந்தால் கழுவியும் திரும்பாது. சயனைடை அழிக்கக் குளோரின் போடும் பட்டறையில் மிச்சக் குளோரின் ஆர்.ஓ.வுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கழுவி எடுக்கலாம், குளோரின் தின்ற படலத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கரிப் படலம்) சவ்வு வந்துவிட்டால் இதெல்லாம் மாறிவிடும் என்கிறார்களே?

வரட்டும். அதற்கும் ரிஜெக்ட் உண்டு.

எங்கள் கிணறு பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் நல்ல எண்தான் காட்டுகிறது. பயப்பட வேண்டாமா?

டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள்) மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்தலை. 500 காட்டும் கிணற்றில் குரோமியம் 0.05-க்குப் பதில் 0.5 மில்லிகிராம் இருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. கண்ணுக்கும் நாக்குக்கும்கூடத் தெரியாது.

தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உலோகங்களுக்கென்று தனியாகச் சோதிக்கக் கொடுங்கள். பொதுவான குடிநீர்ச் சோதனையில் உலோகங்கள் சேர்ந்திருக்காமல் போகலாம், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டிலை ஆய்வகத்திலிருந்தே வாங்குங்கள்; உலோகச் சோதனைக்கு அமிலம் விட்டு வைத்த பாட்டில் வேண்டும், ஆறிணைதிற குரோமியத்துக்கு அமிலம் விடாத பாட்டில் தனி. மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். கோடையில் ஒரு முறை, பெருமழைக்குப் பிறகு ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு சோதனை செய்து, தேதியோடு ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். முடிவு வரும் வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்.